குழியைத் திறந்து வைத்தவன் யார்?

(தியானத்திற்கு: யாத். 21:33,34, சகரியா 8:5, மத். 18:14)



இந்த மாதம் ஒரு சாட்சி எழுதுகிறேன். சாட்சி என்றால் கர்த்தர் நமக்குச் செய்த நன்மைகளைச் சொல்வதுதான் வழக்கம். இது அப்படிப்பட்ட சாட்சி இல்லை. நான் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைப் பற்றிய சாட்சி. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் இருப்பது அதைவிடப் பெரிய வெட்கம் என்று ஆவியானவர் என் உள்ளத்தில் உணர்த்தினபடியால் எழுதுகிறேன்.

2019-ஆம் வருடம் அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தீபாவளி. உங்களில் அநேகருக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். திருச்சி மாவட்டம் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டி என்ற ஊரில், இரண்டு வயதுப் பையன் ஒருவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடாமல் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டான். தமிழ்நாடு முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. முதலில் இருபத்தைந்து, இருபத்தாறு அடியில் இருந்தவன் இன்னும் கீழே சறுக்கி எண்பது அடிக்கும் கீழே போய்விட்டான் என்று செய்தி வந்தது. பட்டாசு வெடிக்க மனசு வராமல் எத்தனையோ வீடுகள் அமைதியாக இருந்தன.

அன்று காலை ஆராதனையில் நான் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பிள்ளைக்காக முழங்காலில் நிற்கும்படி சபையாரைக் கேட்டுக்கொண்டேன். சகோதரிகள் கதறி அழுதார்கள். நானும் அழுதேன். "யோசேப்பைக் குழியிலிருந்து தூக்கினவரே, தானியேலைக் கெபியிலிருந்து தூக்கினவரே" என்று சத்தமிட்டு ஜெபித்தேன். நடுவில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் இடைஞ்சலாக இருந்தது. மைக்கிலேயே, "பிள்ளைகளைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கம்மா, ஜெபம் நடக்குது" என்று சொன்னேன். பிள்ளைகள் பின்பக்கமாக வெளியே ஓடிப்போனார்கள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டு போகிற நேரம். ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிற எட்டு வயதுப் பாப்பா ஒன்று என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பாஸ்டர் ஐயா, அந்தக் குழி பெரிசா, நம்ம குழி பெரிசா?" என்று கேட்டது.

"எந்தக் குழிம்மா?"

"நம்ம சபைக்குப் பின்னாடி கீதே, அது. கல்லு போட்டா அஞ்சு எண்ற வரைக்கும் சத்தமே வராது."

பிரியமானவர்களே, அந்த நிமிஷம் என் கால் இரண்டும் மரத்துப்போய்விட்டது.

நம்ம குழி

அந்த வருடம் கோடையில் ஜெபவீட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் காணிக்கை சேர்த்து போர் போட்டோம். 320 அடி போயும் புகைதான் வந்தது, தண்ணீர் வரவில்லை. மேலே இறக்கியிருந்த கேசிங் பைப்பை விட்டுவிடுவது வீண் செலவு என்று உருவி எடுத்து விற்றுவிட்டோம். அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். குழியின் வாயில் ஒரு கோணிப்பையைப் போட்டு, அதன்மேல் ஒரு கல்லை வைத்தவனும் நான்தான். "அடுத்த வாரம் ஆள் வைத்து மூடிவிடலாம்" என்று சொன்னேன். அந்த அடுத்த வாரம் ஐந்து மாதமாகியும் வரவில்லை.

நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. வாரத்தில் ஆறு நாள் என் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. இந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனை போரிலிருந்து சப்மெர்சிபிள் மோட்டாரைத் தூக்கி இறக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. வீட்டுக்குப் போடுகிற போர் நாலரை இஞ்சு, கழனிக்குப் போடுகிறது ஆறரை இஞ்சு. கேசிங்கை உருவிவிட்டால் மேல் மண் சரிந்து வாய் இன்னும் அகலமாகும். சின்னப் பிள்ளையின் தோள் எத்தனை இஞ்சு இருக்கும்? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோணிப்பையைப் போட்டேன்.

பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். கல் தள்ளிக் கிடந்தது. கோணி மக்கிப்போய் ஒரு பக்கம் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. குழியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கூழாங்கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அது அவர்களுக்கு விளையாட்டு. ஒவ்வொரு ஞாயிறும் நான் "வெளியே போங்க" என்று சொன்ன பிள்ளைகள் இங்கேதான் வந்து விளையாடியிருக்கிறார்கள். நான் பிரசங்கம் பண்ணுகிற இடத்திலிருந்து அந்தக் குழிக்கு நாற்பது அடிகூட இருக்காது. அங்கே நின்றுகொண்டு மணப்பாறைக் குழிக்காக அழுதேன். இங்கே இருந்த குழியை மறந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை, 29-ந் தேதி விடியற்காலையில் அந்தப் பையனை உயிரில்லாமல் எடுத்தார்கள். எண்பது மணி நேரத்துக்கும் மேலான போராட்டம். என்.எல்.சி., ஓ.என்.ஜி.சி. என்று எங்கெங்கிருந்தோ ஆட்களும் இயந்திரங்களும் வந்தன. பக்கத்தில் இன்னொரு குழி தோண்டப் பார்த்தார்கள், பாறை விடவில்லை. அந்தக் குழியை முன்பே மூடியிருந்தால் இதில் எந்த இயந்திரமும் தேவைப்பட்டிருக்காது.

இது தூரத்துச் செய்தி இல்லை

"மணப்பாறை எங்கேயோ இருக்கு" என்று சொல்ல நமக்கு வாயில்லை. 2013 செப்டம்பரில் ஆரணிக்குப் பக்கத்தில் புலவன்பாடியில் நாலு வயதுப் பெண் குழந்தை போரில் விழுந்தது. மேலே தூக்கினார்கள், ஆனால் பிழைக்கவில்லை. 2015 ஏப்ரலில் ஆற்காட்டுப் பக்கம் கூராம்பாடியில் இரண்டரை வயதுப் பையன் போனான். இவையெல்லாம் பஸ் ஏறினால் நாம் போய்ச் சேருகிற ஊர்கள். புலவன்பாடிச் செய்தி வந்தபோது நான் அதை வைத்து "பாவத்தின் குழி" என்று ஒரு பிரசங்கமே பண்ணியிருக்கிறேன். உண்மையான குழியைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பிழைத்த பிள்ளைகளும் உண்டு. 2006 ஜூலையில் அரியானா மாநிலம் குருக்ஷேத்திரா பக்கத்தில் ஐந்து வயதுச் சிறுவனை ஏறக்குறைய இரண்டு நாட்களுக்குப் பிறகு உயிரோடு எடுத்ததை நாடே பார்த்தது. 2014 ஏப்ரலில் சங்கரன்கோவில் பக்கம் குத்தாலப்பேரியில் விழுந்த மூன்று வயதுப் பையனை, மதுரை மணிகண்டன் என்பவர் தயாரித்த கருவியைக் கொண்டு உயிரோடு தூக்கினார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் இப்படிப் பிழைத்த செய்திகளே நமக்கு ஒரு விதத்தில் கண்ணியாகிவிட்டன. விழுந்தால் தூக்கிவிடலாம் என்ற ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

மாட்டைக் கட்டு என்று வேதம் சொல்லவில்லை

நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்துக்கு, பத்துக் கட்டளைகளுக்கு, ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். 21-ஆம் அதிகாரத்தை ஒரே மணி நேரத்தில் தாண்டிவிட்டோம். மாடு முட்டுவது, குழி வெட்டுவது என்று இருக்கிறதே, இதில் என்ன ஆவிக்குரிய காரியம் என்று எனக்கும் அப்போது தோன்றியது. அந்த ஞாயிறு ராத்திரி தூக்கம் வராமல் அதே அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

33-ஆம், 34-ஆம் வசனங்களை நீங்களும் எடுத்து வாசியுங்கள். ஒருவன் குழியைத் திறந்து வைத்தாலும் சரி, புதிதாக வெட்டி மூடாமல் போனாலும் சரி, அதில் பிறனுடைய மாடோ கழுதையோ விழுந்து செத்தால், குழிக்குச் சொந்தக்காரன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது கட்டளை.

இதில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, குழி வெட்டுவது பாவம் என்று கர்த்தர் சொல்லவில்லை. தண்ணீருக்காக வெட்டித்தான் ஆக வேண்டும். ஆபிரகாமும் ஈசாக்கும் துரவு வெட்டினவர்கள்தான். மூடாமல் விட்டதுதான் குற்றம்.

இரண்டு, அவன் நல்லவனா கெட்டவனா, வேண்டுமென்று செய்தானா மறந்து செய்தானா என்று கட்டளை கேட்கவில்லை. "எனக்குக் கெட்ட எண்ணம் இல்லையே" என்பது அங்கே பதிலாகாது. எனக்கும் கெட்ட எண்ணம் இல்லைதான். அதனால் குழி ஆழம் குறைந்துவிட்டதா?

மூன்றாவது காரியம்தான் என்னை உடைத்தது. மாட்டுக்காரனைப் பார்த்து, "உன் மாட்டை ஏன் அவிழ்த்துவிட்டாய்?" என்று கர்த்தர் கேட்கவில்லை. மாடு என்றால் நடக்கும், மேயும், கண்ட இடத்துக்குப் போகும். அது அதன் சுபாவம். குழிக்குத்தான் மூடி கேட்கிறார். மாட்டுக்கே இப்படி என்றால் பிள்ளைக்கு எப்படி?

உபாகமம் 22:8-ஐயும் இதோடு சேர்த்துப் பாருங்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது விழுகிறபோது அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். யாராவது விழுந்த பிறகு கட்டு என்று சொல்லவில்லை. வீடு கட்டும்போதே கட்டு என்கிறார்.

இந்தக் காலத்துச் சட்டமும் அதையே சொல்லுகிறது. 2010 பிப்ரவரி 11-ந் தேதி உச்ச நீதிமன்றம் இந்தியா முழுமைக்கும் ஒரு உத்தரவு போட்டது. போர் போடுவதற்கு 15 நாள் முன்னதாகவே அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். போர் போடும்போது சுற்றி முள்கம்பி வேலியோ வேறு தடுப்போ வைக்க வேண்டும். கேசிங்கைச் சுற்றி சிமெண்டு மேடை கட்ட வேண்டும். வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது போல்ட்டு நட்டு போட்டு உறுதியான மூடியால் மூட வேண்டும். கைவிட்ட போரை மண், மணல், கல் கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கென்று 2015-ல் தனி விதிகளும் வந்தன. கோணிப்பை என்ற வார்த்தை இதில் எங்கேயும் இல்லை, சகோதரரே.

"பெத்தவங்கதானே பாத்துக்கணும்?"

அடுத்த வாரம் இதைச் சபையில் அறிக்கை பண்ணினேன். அப்போது நம்முடைய மூப்பர் ஒருவர் எழுந்து, "பாஸ்டர், நீங்க ரொம்ப மனசை வருத்திக்காதீங்க. பிள்ளைங்கள பெத்தவங்கதானே பாத்துக்கணும்? ஊர்ல இருக்கிற குழிக்கெல்லாம் நாம பொறுப்பா?" என்று கேட்டார். அவர் நல்ல மனுஷர். அநேகர் மனதில் இருந்ததைத்தான் அவர் கேட்டார். ஆகவே நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆரணியில் பட்டுத்தறி போட்டிருக்கிற நம்முடைய சகோதரியை நினைத்துப் பாருங்கள். புருஷன் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது. அவள் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டே சோறு வடிக்க வேண்டும். கண்ணை எடுத்தால் இழை அறுந்துபோகும். நம்ம ஊரில் கோரைப்பாய் நெய்கிற வீடுகளிலும் இதே நிலைமைதான். மணிலாக்கொட்டை பிடுங்கப் போகிற தாய் பிள்ளையை வரப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் குனிகிறாள். இருபத்துநாலு மணி நேரமும் கண்கொட்டாமல் பார்க்க எந்தத் தாயாலும் முடியாது. நடக்கப் பழகின பிள்ளைக்கு நாலு எட்டு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அப்படியானால் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாமே என்கிறவர்களும் உண்டு. இப்போது அதுதான் நடக்கிறது. கதவைச் சாத்தி, கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறோம். ஆனால் வீட்டுக்குள்ளும் குழி இருக்கிறது. மணப்பாறை மீட்புப் பணியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், தூத்துக்குடியில் ஒரு வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்துபோனது. அந்தப் பெற்றோரை நியாயந்தீர்க்க யாருக்கும் தகுதியில்லை. அவர்களும் நம்மைப் போலவே இன்னொருவர் பிள்ளைக்காகத் துடித்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

இதற்கும் மேலே ஒரு காரியம் உண்டு. பிள்ளைக்குத் தெருவில் பங்கு இல்லை என்று யார் சொன்னது? சகரியா 8:4,5-ல் கர்த்தர் எருசலேமை மறுபடியும் எடுத்துக் கட்டப்போகிறதைச் சொல்லும்போது, அதன் மதில் எத்தனை முழம் என்று சொல்லவில்லை. கிழவரும் கிழவியும் கோலூன்றி வீதியில் உட்கார்ந்திருப்பார்கள், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வீதி நிறைய விளையாடுவார்கள் என்கிறார். ஆசீர்வதிக்கப்பட்ட பட்டணத்துக்குக் கர்த்தர் காட்டுகிற அடையாளம் அதுதான். பிள்ளைகள் பயமில்லாமல் விளையாட முடியாத தெருவில் எத்தனை கொடிக்கம்பமும் வளைவும் இருந்தாலும், கர்த்தருடைய கணக்கில் அது இன்னும் பாழான தெருதான்.

ஆரணியில் விடியற்காலையில் நெசவாளர் தெருவில் போய்ப் பாருங்கள். தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். சைக்கிள்காரன் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். பால்காரன் சுற்றிப் போவான். யாரும் முணுமுணுப்பதில்லை. ஒரு பட்டு இழை அறுந்துவிடக்கூடாது என்று முழுத்தெருவும் ஒதுங்கி வழிவிடுகிறது. நமக்கு அந்தப் பழக்கம் இல்லாமல் இல்லை, பிரியமானவர்களே. பட்டுக்குக் கொடுக்கிற வழியைப் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் நமக்கு மனசு வரவில்லை.

கூட்டத்தில் இருப்பான் என்று நினைத்து

லூக்கா 2:44-ஐ நாம் அடிக்கடி வாசிக்கிறோம். பண்டிகை முடிந்து திரும்புகிற யோசேப்பும் மரியாளும், பன்னிரண்டு வயது இயேசு பிரயாணக்காரரின் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்து ஒருநாள் தூரம் நடந்துவிட்டார்கள். இதை வைத்து அவர்களைக் குறை சொல்லிப் பிரசங்கம் பண்ணுவது சுலபம். நானும் பண்ணியிருக்கிறேன். இப்போது வேறு ஒன்றைப் பார்க்கிறேன். ஒருநாள் முழுக்க அவர்கள் பயப்படாமல் நடந்தார்களே, ஏன்? அந்தக் கூட்டத்தில் யாரோடு இருந்தாலும் பிள்ளைக்குச் சோறு கிடைக்கும், கண் ஒன்று அவன்மேல் இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. அப்படிப்பட்ட கூட்டமாக நம்முடைய சபை இருக்கிறதா?

அந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எல்லாரும் "வேறு யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்று நினைத்தால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். நம்முடைய போர்க்குழியை ஐந்து மாதமாக எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்! பாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் நினைத்தீர்கள். கமிட்டிச் சகோதரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் நினைத்தேன். பொது இடத்தில் எப்போதும் நடப்பது இதுதான். எல்லாருக்கும் சொந்தமான இடத்தில் உள்ள குழி ஒருவருக்கும் சொந்தமில்லாமல் போய்விடுகிறது.

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் பள்ளிக்கூடத் தீயில் மடிந்தார்கள். அந்தக் கீற்றுக் கூரை ஒரே நாளில் முளைத்ததா? எத்தனையோ பேர் அதன் கீழே வந்து போயிருப்பார்கள். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ரோட்டில் விழுந்து இறந்தது. அந்த ஓட்டையும் அன்று காலையில் விழுந்தது இல்லை. முட்டுகிற மாடு என்று முன்னமே தெரிந்தும் அதைக் கட்டிவைக்காதவனுக்கு வேதம் வைத்திருக்கிற தண்டனை இன்னும் கடுமையானது (யாத். 21:29). "தெரியாது" என்பவனுக்கு ஒரு நியாயம், "தெரிந்தும் அப்புறம் பார்க்கலாம்" என்றவனுக்கு வேறு நியாயம். நான் இரண்டாவது ஆள்.

உபாகமம் 21-ஆம் அதிகாரத்தில் இன்னொரு கட்டளை. வயல்வெளியில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது எந்த ஊர் அதற்குக் கிட்ட இருக்கிறது என்று அளந்து பார்த்து, அந்த ஊர் மூப்பர்கள் வந்து கர்த்தருக்கு முன்பாக நிற்க வேண்டும். "நாங்கள் செய்யவில்லை" என்று சும்மா போய்விட முடியாது. கிட்ட இருக்கிறவனுக்குப் பொறுப்பு உண்டு. மூப்பர் ஐயா கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதுதான். ஊரில் உள்ள எல்லாக் குழிக்கும் நாம் சொந்தக்காரர் இல்லை. ஆனால் கண்ணில் பட்ட குழிக்கு நாம் கிட்ட இருக்கிறவர்கள்.

கர்த்தருடைய சித்தமா?

"எல்லாம் தேவ சித்தம் பாஸ்டர். அவர் கொடுத்தார், அவர் எடுத்தார்" என்று ஒரு சகோதரர் சொன்னார். துக்கத்தில் இருக்கிற தாய் அப்படிச் சொன்னால் அது விசுவாசம். அவளோடு சேர்ந்து நாமும் அழுவோம். ஆனால் குழியைத் திறந்து வைத்தவன் அதே வார்த்தையைச் சொன்னால் அது தன் குற்றத்தைக் கர்த்தர்மேல் போடுகிறது. இந்தச் சிறியரில் ஒருவரும் கெட்டுப்போவது பிதாவின் சித்தம் இல்லை என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத். 18:14). காணாமற்போன ஆட்டைப் பற்றிப் பேசுகிற இடம் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆத்துமா அழியக்கூடாது என்கிறவர் சரீரம் குழியில் விழட்டும் என்று விடுவாரோ?

அப்படியானால் மணப்பாறைக்காக நாம் ஏறெடுத்த ஜெபம் வீணா என்று ஒரு வாலிபத் தம்பி கண்ணீரோடு கேட்டான். அந்தக் கேள்விக்கு முழுப்பதில் என்னிடம் இல்லை, தம்பி. ஒன்று மட்டும் சொல்லுவேன். அந்த ஜெபத்தின் நடுவில் கர்த்தர் ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் வாயால் என்னிடம் பேசினார். நான் அவளை வெளியே அனுப்பியிருந்தேன். அவள் திரும்பி வந்து பேசினாள். தேவாலயத்தில் ஓசன்னா என்று ஆர்ப்பரித்த பிள்ளைகளைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும்தான் (மத். 21:15). ஆண்டவர் கோபப்படவில்லை. அன்றைக்கு நான் எந்தப் பக்கம் நின்றேன் என்று எனக்குத் தெரியும்.

கோணிப்பை போட்ட வேறு குழிகள்

ஒரு காரியத்தை மட்டும் சுருக்கமாக, ஆனால் ஒளிக்காமல் சொல்ல விரும்புகிறேன். திறந்த குழியைவிட மோசமானது கோணிப்பை போட்ட குழி. திறந்திருந்தால் கண்ணுக்காவது தெரியும். பிள்ளைகளிடம் தகாத விதமாக நடக்கிற மனுஷனும் அப்படிப்பட்ட குழிதான். பஸ்ஸில், டியூஷனில், கன்வென்ஷன் பந்தலில், சபையிலும்கூட அப்படி ஒருவன் இருக்கலாம். பிள்ளை வந்து சொன்னால், "சபைப் பேர் கெட்டுப்போகும், சாட்சி போய்விடும், உள்ளுக்குள்ளே பேசித் தீர்த்துக்கலாம்" என்று மூடி மறைப்பது கோணிப்பை போடுகிற வேலை. 2012 நவம்பர் முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. தெரிந்தவர்கள் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது அதில் கட்டாயம். 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும், பிள்ளையே கூட, போன் பண்ணலாம். இந்தச் சபையில் ஒரு பிள்ளை வந்து சொன்னால் முதலில் அதை நம்புவோம். மன்னிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் வைப்போம்.

முக்கால் டிராக்டர்

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் குழியை நிரப்பினோம். ஞாயிறு ராத்திரி முழுவதும் நானும் இரண்டு வாலிபரும் அங்கேயே பாய் போட்டுக் காவல் இருந்தோம். 320 அடிக் குழி ஆயிற்றே, எத்தனை லோடு பிடிக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அது பிடித்தது முக்கால் டிராக்டர் மணலும் ஜல்லியும்தான். மூன்று பேர் சேர்ந்து பத்து மணிக்குள் முடித்துவிட்டோம். மேலே காங்கிரீட்டும் போட்டாயிற்று. ஐந்து மாதமாக என்னால் செய்ய முடியாமல் போனது ஒரு காலை வேலை. கேசிங்கை உருவி விற்ற காசுக்கும் குறைவாகத்தான் செலவு ஆனது.

கற்களைக் குவித்து வைத்திருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டேன். அவர்கள் தங்கள் கூழாங்கற்களையும் உள்ளே போட்டார்கள். "இனிமே சத்தம் வராதா ஐயா?" என்று அந்தப் பாப்பா கேட்டது. "வராதும்மா" என்றேன்.

அன்றிலிருந்து இன்றுவரை ஆராதனையில் பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னது இல்லை. சத்தம் போட்டால் போடட்டும். முன்வரிசையில் அவர்களுக்குத்தான் பாய்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. உங்கள் கழனியில், மனையில், கைவிட்ட போர் இருந்தால் அதை நிரப்புங்கள். உபயோகத்தில் இருக்கிற போர் என்றால் தகடு வைத்து மூடுங்கள். வீட்டுச் சம்ப்புக்குப் பூட்டுப் போடுங்கள். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தால் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்தவர் நிலத்தில் திறந்த போரைப் பார்த்தால் சண்டை பிடிக்காமல் அவரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். கையில் பணமில்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் வாருங்கள். மண்வெட்டியோடு வர நம்முடைய வாலிபர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். எந்த ஜாதி, எந்த மதம் என்று கேட்கமாட்டோம். மாடு யாருடையது என்று பார்த்து அந்தக் கட்டளை எழுதப்படவில்லையே.

ஜெபிப்போமாக: எங்கள் பரலோகப் பிதாவே, நாங்கள் திறந்து வைத்து மறந்துபோன குழிகளை எங்களுக்குக் காட்டும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன்மாரை நீரே அணைத்துக்கொள்ளும். பிள்ளைகள் பேசும்போது கேட்கிற காதுகளை எங்களுக்குத் தாரும். எங்கள் வீதிகளில் அவர்கள் பயமில்லாமல் விளையாடக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் சகோதரன்,
வந்தவாசி.